சக்கரபாணி மாஸ்டர் மாத்திரையை விட்ட கதை

திண்டிவனத்தில் சக்கரபாணியைத் தெரியாத ஆள் யாராவது இருந்தால், அவர் ஜென்மத்தில் பஸ் ஏறாதவராக இருக்க வேண்டும். முதல் பத்து வருஷம் ஓமந்தூர் டவுன் பஸ், அப்புறம் இருபத்திரண்டு வருஷம் விழுப்புரம் வண்டி. ஆக முப்பத்திரண்டு வருஷம் தோளில் பையும் வாயில் விசிலுமாக நின்றுகொண்டே வாழ்ந்த கண்டக்டர். ஓய்வு பெற்ற மறுநாளும் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. ஆனால் "உள்ள போ, உள்ள போ" என்று தள்ளுவதற்கு வீட்டில் கூட்டம் இல்லை. இருந்தது மனைவி புனிதா மட்டும்தான். "காலங்காத்தால எழுந்து குறுக்கால குறுக்கால நின்னுக்கினு இருந்தா நான் எப்டி வூடு பெருக்கறது?" என்று அவள்தான் அவரைத் தள்ளினாள்.

முப்பத்திரண்டு வருஷம் நின்ற இடுப்பு, ஓய்வு கிடைத்ததும் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரை. விழுப்புரத்தில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தார். அந்த டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். காலையில் இரண்டு, மதியம் ஒன்று என்று மூன்று மாத்திரை. அதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது. அதோடு நடை, யோகா என்று உடம்பை அசைக்க வேண்டும். இடுப்புக்கும் நல்லது, தூக்கத்துக்கும் நல்லது, சர்க்கரையும் பிரஷரும் சொன்னபடி கேட்கும். "மாத்திரைக்குப் பதிலா யோகா இல்லைங்க. மாத்திரையோட யோகா" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லி அனுப்பினார். டாக்டர் சொன்னது இரண்டு. சக்கரபாணி பிற்பாடு ஊருக்குச் சொன்னது ஒன்று.

விழுப்புரத்திலேயே பதினைந்து நாள் யோகா பயிற்சி முகாமில் சேர்ந்தார். அங்கே அவருக்கு நல்லதுதான் நடந்தது, அதில் பொய் சொல்ல ஒன்றும் இல்லை. கால்களைச் சேர்த்து, கைகளை மேலே தூக்கி, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும் தாடாசனத்தில் முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் ஆடிப்போனார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்த மனுஷன், அசையாத தரையில் தடுமாறினார். பத்தாம் நாள் நிலைத்து நின்றார். குப்புறப் படுத்து மார்பை மட்டும் தூக்கும் புஜங்காசனத்தில் இடுப்பின் பிடிப்பு மெல்ல விட்டது. மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் நெஞ்சின் படபடப்பு அடங்குகிறது என்பதை அறுபது வயதில்தான் கண்டுபிடித்தார். ராத்திரி நடுவில் எழுந்து உட்கார்ந்திருக்கிற வழக்கம் போய், விடிகிறவரை தூங்கினார். புனிதாவிடம் எரிந்து விழுவதும் பாதியாகக் குறைந்தது. முழுசாக நின்றுவிட்டது என்று அவளே சொல்லவில்லை.

பதினாறாம் நாள் கையில் சான்றிதழோடு திண்டிவனத்தில் வந்து இறங்கினார். பதினேழாம் நாள் அவர் "மாஸ்டர்".

மயிலம் போகிற ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் அங்கே காலை ஆறு மணிக்கு "திண்டிவனம் நலவாழ்வு யோகா மன்றம்". முகூர்த்த நாட்களில் மொட்டை மாடி. கீழே நாதஸ்வரம் வாசிக்க, மேலே இவர்கள் கண்ணை மூடித் தியானம் பண்ணுவார்கள். பந்தியில் நெய் ஊற்றுகிற வாசனை ஏறி வந்தால், ஆழ்ந்த மூச்சு தானாகவே ஆழமாக வரும். மாஸ்டர் பாடம் நடத்துவதும் தனி தினுசு. ஒரு விசில் அடித்தால் ஆசனத்தில் அப்படியே நிற்க வேண்டும், இரண்டு விசில் அடித்தால் இறங்கலாம். பின்வரிசையில் இடம் காலியாக இருந்தால் "உள்ள தள்ளுங்க, உள்ள தள்ளுங்க" என்பார். சவாசனத்தில் யாராவது குறட்டை விட்டால் "கடைசி ஸ்டாப்பிங், எறங்கு" என்று காலைத் தட்டுவார். ஆறே மாசத்தில் அறுபது பேர் சேர்ந்துவிட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் எழுதுவதற்கு எனக்கு ஒன்றுமில்லை. அறுபது பேரும் இடுப்பு வலி குறைந்து சௌக்கியமாக இருந்திருப்பார்கள். கெடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று பயிற்சி முடிந்ததும் "அனுபவப் பகிர்வு" என்று ஒன்று வைத்தார்கள். யோகாவால் தனக்கு என்ன நன்மை என்று ஒவ்வொருவரும் மைக்கில் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக்காரன் கையில் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

முதல் வாரம் ஓய்வு பெற்ற ஆசிரியை காயத்ரி, "எனக்கு முட்டி வலி கொஞ்சம் பரவால்ல" என்றார். நாலு பேர் கை தட்டினார்கள். அடுத்த வாரம் உரக்கடை தேவநாதன் எழுந்து, "எனக்கு சுகர் முந்நூத்திப் பத்து இருந்துச்சி. இப்ப தொண்ணூத்தாறு. மாத்திரையே இல்ல" என்றார். மண்டபமே அதிர்ந்தது. அதற்கடுத்த வாரம் காயத்ரி டீச்சரின் முட்டி வலி அடியோடு போயிருந்தது. இன்னொருவர் நாற்பது வருஷமாகப் போட்டிருந்த கண்ணாடியைக் கழற்றிவிட்டதாகச் சொல்லி, கைதட்டலோடு இறங்கி வந்து தூணில் மோதிக்கொண்டார். இப்படி வாரத்துக்கு வாரம் ஏலம் ஏறிக்கொண்டே போனது.

மாணவர்கள் இந்த ரேஞ்சில் போகும்போது மாஸ்டர் "எனக்கு ராத்திரி தூக்கம் வருது" என்று சொன்னால் எடுபடுமா? ஒரு ஞாயிறு மைக்கை வாங்கினார். "மூணு மாத்திரை. அட்டையோட கெடங்கல் ஏரியில வுட்டெறிஞ்சேன். வருஷம் ஒண்ணாவுது. இன்னிக்கி வரைக்கும் தொட்டதில்ல" என்றார். சொல்லும்போது அவருக்கே மெய்சிலிர்த்தது. அன்று காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார். மாத்திரைகள் புனிதாவின் அஞ்சறைப் பெட்டியில் வெந்தயம் இருக்க வேண்டிய குழியில் இருந்தன. யாராவது வீட்டுக்கு வந்தால் கண்ணில் படக்கூடாது என்று அவரே பார்த்து வைத்த இடம்.

கை தட்டியவர்களில் ஓமந்தூர் முனியம்மாளும் ஒருத்தி.

முனியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயசு. ஒன்றரைக் காணி மல்லாட்டை நிலம் (வேர்க்கடலைக்கு அங்கே அந்தப் பேர்), சென்னைப் பக்கம் கம்பெனியில் வேலை செய்கிற மகன் வல்லரசு, வீட்டோடு இருக்கிற மருமகள் கலைப்பிரியா. எட்டு வருஷமாகச் சர்க்கரை. காலில் மதமதப்பு இருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோது அங்கேதான் யோகா நல்லது என்று சொன்னார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து வாரத்தில் மூன்று நாள் வருவாள். மற்றவர்கள் சம்மணம் போடுவதற்கே முக்கி முனகும்போது, அவள் வஜ்ராசனத்தில் பூப்போல உட்கார்ந்துவிடுவாள். காலமெல்லாம் களை எடுக்கக் குந்தி உட்கார்ந்த கால் அது. வகுப்பில் எல்லாரும் "மாஸ்டர்" என்பார்கள். அவள் மட்டும் "கண்டக்டரண்ணா".

அதற்குக் காரணம் உண்டு. வல்லரசு பிறப்பதற்கு வலி எடுத்தபோது அவள் வழியில் நின்று கை காட்டிய வண்டி சக்கரபாணியினுடையது. வழியில் ஒரு நிறுத்தத்திலும் நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரி வாசலுக்கே பஸ்ஸைக் கொண்டுபோகச் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். ஒருத்தரையும் சட்டை பண்ணவில்லை. அன்றிலிருந்து முனியம்மாளுக்குக் கண்டக்டர் சொன்னால் சொன்னதுதான்.

ஏரியில் வீசிய கதையைக் கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்தியிருந்தால், நாலு நாளில் மருமகள் பார்த்துச் சண்டை போட்டுத் திரும்பப் போட வைத்திருப்பாள். ஆனால் முனியம்மாளுக்கு ஒரு விஷயத்தைச் சும்மா விட்டுப் பழக்கமில்லை. கத்தரிக்காயை விட்டால்கூட வேண்டிக்கொண்டு விடுகிறவள். வைகாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் போனாள். அந்த மாசத்து மாத்திரை அட்டைகளை மஞ்சள் துணியில் முடிந்தாள். "ஆத்தா, இனிமே மாத்திரையத் தொட மாட்டேன். என் ஒடம்ப நீ பாத்துக்கோ" என்று சூலத்தில் கட்டிவிட்டு, குங்குமத்தோடு வீடு வந்து சேர்ந்தாள். அங்காளம்மனுக்கு முடிந்ததை எந்த மருமகளால் அவிழ்க்க முடியும்? கலைப்பிரியா தலையில் அடித்துக்கொண்டதோடு சரி.

அந்த ஞாயிறு முனியம்மாள் மைக்கில் இதைச் சொன்னபோது மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. சக்கரபாணியும் தட்டினார். உள்ளுக்குள் ஏதோ இடறியது. ஆனால் கைகள் நிற்கவில்லை.

மூன்றே வாரத்தில் முனியம்மாள் இளைத்துப் போனாள். ரவிக்கை தோளில் தொங்கியது. "பாருங்க, யோகா எப்டி வேலை செய்யுதுன்னு பாருங்க!" என்று தேவநாதன் அவளை நிற்க வைத்துப் போட்டோ எடுத்து மன்றத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார். கும்பிடுகிற கை, பூங்கொத்து, கட்டைவிரல் என்று அறுபது பேரும் பதில் போட்டார்கள். வகுப்புக்கு வரும்போது அவள் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு கொண்டுவந்தாள். அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து வெளியே போய்விட்டு வந்தாள். "நச்செல்லாம் வெளியே போவுது" என்றார் காயத்ரி டீச்சர். அறிவியல் பாடம் எடுத்தவர் அவர்.

சக்கரபாணிக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். இதே தாகம், இதே ஓட்டம், இதே இளைப்பு ஓய்வு பெற்ற புதிதில் அவருக்கே வந்திருக்கிறது. அதற்காகத்தானே விழுப்புரம் டாக்டரிடம் போனார். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் ஜூன் இருபத்தொன்று, யோகா தினம், ஞாயிற்றுக்கிழமை. விழுப்புரத்தில் பெரிய விழா. சக்கரபாணிக்கு "யோகச் செம்மல்" பட்டம். மேடையில் சாட்சிக்கு முனியம்மாள். நோட்டீஸே அடித்துவிட்டார்கள். நோட்டீஸில் அவர் போட்டோ. அவர் தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டத்தையும் வரைந்திருந்தார்கள்.

புனிதாதான் பொறுக்க மாட்டாமல் கேட்டாள். "அந்தப் பொம்பளைக்கி இன்னான்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சிமா சொம்மா இருக்கற?"

"விழா முடியட்டும். பக்குவமா சொல்லிக்கலாம்."

"அதுக்குள்ள அவ முடிஞ்சிட்டான்னா? நீ பட்டத்த வாசல்ல மாட்டிக்கினு அதுக்குக் கீழ குந்திக்கோ. நான் எங்க அம்மா வூட்டுக்குப் போறேன்."

சக்கரபாணி சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். மறுநாள் பத்து மணி வண்டியில் ஓமந்தூர் போனார். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனார். முனியம்மாள் அவரைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் தண்ணீர்ச் சொம்போடு எதிரில் உட்கார்ந்தாள்.

"முனிம்மா, நான் இன்னா சொல்றேன்னா... ஒடம்பு ரொம்ப எளைக்குது. எதுக்கும் கொஞ்ச நாளிக்கி மாத்திரைய மறுபடியும் போட்டுக்கியேன். யாருக்கும் சொல்ல வேணாம்."

முனியம்மாள் சிரித்தாள். "இன்னாண்ணா, என்னை சோதிக்கிறீங்களா? ஆத்தாளுக்கு முடிஞ்சத எப்டிண்ணா தொடறது? நீங்க ஒரு வருசமா தொடாம கல்லு மாரி இருக்கீங்க. எனக்கு மட்டும் இன்னா ஆயிடும்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. உள்ளே கலைப்பிரியா பாத்திரம் தேய்க்கிற சத்தத்தை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் காது கொடுத்து நின்றாள். சக்கரபாணி மோரை மடக்மடக்கென்று குடித்தார். "அதில்லம்மா, சொம்மா கேட்டேன்" என்றார். முனியம்மாள் புனிதாவுக்கென்று இரண்டு படி வறுத்த மல்லாட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தாள். உண்மையைச் சொல்லப் போன மனுஷன் மல்லாட்டையோடு திரும்பி வந்தார். புனிதா அந்தப் பையைத் தொடவே இல்லை.

யோகா தினம் வந்தது. காலை ஆறு மணிக்கு மண்டபத்தில் வகுப்பு, எட்டு மணிக்கு விழுப்புரம் கிளம்ப வேன். முந்தின நாள் அங்கே கல்யாணம் நடந்திருந்தது. மேடை அலங்காரத்தைப் பிரித்த ஆட்கள் பூவையும் தெர்மாக்கோலையும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஓரமாகக் கூட்டித் தள்ளிவிட்டுப் பாயை விரித்தார்கள். அறுபது பேரும் வெள்ளை பனியன், முதுகில் மாஸ்டர் படம். மூச்சுப் பயிற்சி முடிந்தது. மாஸ்டர் ஜிப்பாவில் ஜம்மென்று நின்றிருந்தார். மதியம் விழா இழுத்துவிடும் என்று புனிதா ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து அவர் பையில் போட்டு அனுப்பியிருந்தாள்.

"விழுப்புரத்துல பேசறதுக்கு முன்னாடி இங்க ஒரு தபா பேசிக் காட்டும்மா" என்று தேவநாதன் முனியம்மாளைக் கூப்பிட்டார்.

அவள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து மேடை ஓரமாக நடந்து வந்தாள். வெள்ளை டைல்ஸ் தரை. அவள் நடந்து வந்த வழியில் ஒரு காலுக்கு மட்டும் சிவப்பாகச் சுவடு விழுந்துகொண்டே வந்தது. முதலில் குங்குமம் என்றுதான் சக்கரபாணி நினைத்தார். அவள் மைக்குக்கு முன்னால் நின்ற இடத்தில் அது மெல்லப் பரவியது. குனிந்து பார்த்தார். இடது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, அலங்காரத் தட்டி அடிக்கிற ஆணி ஒன்று தலைவரை ஏறியிருந்தது.

முனியம்மாள் அந்தக் காலை நன்றாக ஊன்றி நின்று பேசிக்கொண்டிருந்தாள். "மாத்திரைய வுட்டு அஞ்சி வாரம் ஆவுதுங்க. கண்டக்டரண்ணா சொன்னாரு, வுட்டேன். தாகம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. காலு வலி, மதமதப்பு ஒண்ணும் தெரியல. ஒடம்பு லேசா பறக்கற மாரி இருக்குது." அறுபது பேரும் கை தட்டினார்கள். வலி போயே போய்விட்டதாம்.

 சக்கரபாணிக்குப் பயமா, அவமானமா, இரண்டும்தான். ஓடிப்போய் அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"தட்டாதீங்க! யாரும் தட்டாதீங்க! காலப் பாருங்க!"

பார்த்தார்கள். முனியம்மாளும் பார்த்தாள். பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அட, இது எப்ப ஏறிச்சி?" என்றாள், வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி.

அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். துணியைக் கொண்டா, ஆட்டோவைக் கூப்பிடு என்று சத்தம். அந்தச் சத்தத்துக்கு மேலே மைக்கில் மாஸ்டரின் குரல் கேட்டது.

"நான் மாத்திரைய வுடல. கேட்டுக்கங்க. ஏரியில எறிஞ்சேன்னு சொன்னது பொய்யி. ஒரு நாளு கூட வுட்டதில்ல. இன்னிக்கும் அஞ்சி மணிக்கி ரெண்டு போட்டுக்கினுதான் வந்தேன். தோ, மத்தியானத்துக்கு." பையிலிருந்து காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். மாத்திரை உள்ளங்கையில் வெள்ளையாக இருந்தது.

 தேவநாதன் முதலில் தேறினார். "இன்னா மாஸ்டர் பேஜாரு பண்றீங்க? எட்டு மணிக்கி வேனு. அங்க பட்டத்த வச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்காங்க."

"நீங்க மாத்திர போடறதில்லியா தேவநாதன்?"

"நானா? நான் எதுக்குப் போடறேன்? எனக்குத் தொண்ணூத்தாறு!"

காயத்ரி டீச்சர் தொண்டையைக் கனைத்தார். "சார், போன மாசம் மெடிக்கல்ல எனக்கு முன்னாடி சீட்டைக் குடுத்துக்கிட்டு நின்னீங்களே, அது யாருக்கு?"

"நீங்க எதுக்கு டீச்சர் மெடிக்கலுக்கு வந்தீங்க?"

 டீச்சர் கைப்பையைத் திறந்து முட்டி வலி மாத்திரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்தார். முன்வரிசையில் ஒருவர் சட்டைப்பையிலிருந்து அட்டை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றியவர் இடுப்பிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, யார் யார் என்ன எடுக்கிறார்கள் என்று பார்த்தார். பிரஷர், சர்க்கரை, தைராய்டு. ஒரு மருந்துக்கடையே வைத்திருக்கலாம். எல்லாரும் மாத்திரையும் போட்டார்கள், கையும் தட்டினார்கள். மற்றவர்கள் நிஜமாகவே விட்டுவிட்டார்கள், தனக்குத்தான் இன்னும் பக்குவம் வரவில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

முனியம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "அப்ப, நான் ஒருத்திதானா?" என்று கேட்டாள்.

 சக்கரபாணி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஆட்டோ வருகிறவரை அந்தக் காலைத் துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆணியை எடுத்தார்கள். ஆணி அன்றைக்கு ஏறியதுதான். சுண்டுவிரல் இடுக்கில் இன்னொரு புண் இருந்தது. அது பத்து நாள் பழசு, கறுத்தே போயிருந்தது. அதையும் அவள் அறியவில்லை. சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் அம்மா மாத்திரை எழுதப் போனார். முனியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஆத்தாளுக்கு முடிஞ்சிட்டேன். இவங்க பொய் சொன்னா சொன்னதா இருக்கட்டும். நான் சொன்னது பொய்யில்ல."

சக்கரபாணி கெஞ்சினார். "குத்தம் என் தலையிலம்மா. நானே மலையனூர் போயி ஆத்தா கால்ல வுழுறேன்."

"ஒங்க குத்தத்துக்கு நீங்க போங்க. நான் முடிஞ்சத நீங்க எப்டி அவுப்பீங்க?"

ஓமந்தூரிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்த கலைப்பிரியா அதுவரை சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அத்த, ஆத்தாகிட்ட இன்னான்னு சொல்லி முடிஞ்ச?"

"மாத்திரையத் தொட மாட்டேன்னுதான்."

"ஊசி?"

"ஊசி பத்தி ஒண்ணும் சொல்லல."

"அப்ப ஊசி போடுங்க டாக்டரம்மா!" என்று கலைப்பிரியா கத்தினாள். டாக்டர் அம்மாவுக்கும் அது சரியாகவே பட்டது. இத்தனை சர்க்கரைக்கு இன்சுலின் ஊசிதான் போட வேண்டும் என்று அவரே சொல்ல இருந்தாராம். முனியம்மாள் கண்ணை மூடினாள். மனசுக்குள் ஆத்தாளிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு கையை நீட்டினாள். வகுப்பிலிருந்து கூடவே வந்த படித்தவர்கள் பதினைந்து பேரும் ஒரு மாஸ்டரும் சுற்றி நின்றிருந்தார்கள். வழி கண்டுபிடித்தது அந்த மருமகள்தான். உயிரும் காலும் பிழைத்தன. சுண்டுவிரல் மட்டும் பிழைக்கவில்லை; ஒரு வாரம் கழித்து எடுத்துவிட்டார்கள்.

விழுப்புரம் விழா நிற்கவில்லை. தேவநாதன் வேனில் ஏறிப் போய், "யோகச் செம்மல்" பட்டத்தை மாஸ்டர் சார்பில் வாங்கிக்கொண்டு, அப்படியே தன் சார்பிலும் வைத்துக்கொண்டார். இப்போது வேறு ஒரு மண்டபத்தில் தனியாக வகுப்பு நடத்துகிறார். அங்கே நாற்பது பேர். ஞாயிறு தவறாமல் அனுபவப் பகிர்வு உண்டு.

சக்கரபாணியிடம் மிஞ்சியது பதினோரு பேர். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். யார் புதிதாக வந்தாலும் முதலில் மருந்துச் சீட்டைக் கேட்கிறார். "மூச்ச அடக்கறது பிரஷருக்காரங்களுக்கு வேணாம். சர்க்கரைக்காரங்க வெறும் வயித்துல மாத்திர போட்டுட்டு வந்து மயங்கி வுழாதீங்க. வந்ததும் காலக் காட்டுங்க" என்கிறார். காலைப் பார்க்கிற யோகா மாஸ்டர் என்று ஊரில் கேலி. பதினோரு பேருக்கும் இடுப்பு பரவாயில்லை; ராத்திரி தூக்கம் வருகிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, அவரும் சொல்வதில்லை.

ஆவணி மாசத்தில் ஒரு காலை முனியம்மாள் வந்தாள். காலில் தடித்த செருப்பு, கையில் கலைப்பிரியா வாங்கிக் கொடுத்த ஊசிப் பை. சக்கரபாணி ஓடிப்போய் நாற்காலி போட்டார். பத்து வார்த்தை யோசித்து வைத்திருந்தார், வந்தது ஒன்றுதான். "முனிம்மா, என்னை மன்னிச்சிடும்மா" என்றார். கண் கலங்கிவிட்டது. அவள் மறுபடியும் வகுப்புக்கு வந்ததே தன்னை மன்னித்ததற்கு அடையாளம் என்று நம்பினார்.

முனியம்மாள் பாயை உதறி விரித்தாள். ஊசிப் பையைப் பத்திரமாக ஓரம் வைத்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் கண்டக்டரே" என்றாள். அண்ணா இல்லை. "மூச்சு இழுத்து வுட்டா எனக்கு ராவுல தூக்கம் வருது. அதுக்குதான் வர்றேன். ஒங்கள நம்பி வர்ல."